கட்டு கொண்டுவராத வக்கீல்

"விடுங்க என்னை! அவ கண்ணைச் சுத்தி இருக்கே வளையம், அதை இன்னைக்கு என் கையாலேயே அழிச்சு விடறேன்!"

பல் டாக்டரின் வலது கை ஓங்கியபடி காற்றில் நின்றது. அந்தக் கையில் மச்சான் தன் இரண்டு கைகளாலும் தொங்கிக்கொண்டிருந்தான்.

"வேண்டாம் டாக்டர். நீங்க அடிச்சா அந்தம்மாவுக்குப் பல்லு போகும். அப்புறம் அதையும் நீங்கதான் கட்டணும்."

குடும்ப நீதிமன்றத்தின் முதல் மாடித் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்த அத்தனை ஜோடிகளும் தங்கள் சண்டையை ஒத்திவைத்துவிட்டு இந்தச் சண்டையைப் பார்த்தார்கள்.

அடி விழவேண்டிய கன்னத்தின் சொந்தக்காரி ஓர் அங்குலம்கூடப் பின்வாங்கவில்லை. டாக்டரின் கணவர் தரப்பு வக்கீலம்மா. கறுப்பு அங்கி. குழந்தையை அணைப்பதுபோல மார்போடு சேர்த்துப் பிடித்த பருமனான கேஸ் கட்டு. அதன் விளிம்பில் துருத்திக்கொண்டிருந்த வண்ண வண்ண அடையாளச் சீட்டுகள். இரண்டு கண்களையும் சுற்றி லேசாகச் சிவந்த வளையம். நீச்சல் கண்ணாடியை இறுக்கி மாட்டுகிறவர்களுக்கு வரும் வளையம்.

டாக்டரின் கணவர் நீச்சல் பயிற்சியாளர். டாக்டருக்கு அதற்கு மேல் எந்தச் சாட்சியமும் தேவைப்படவில்லை.

"ஏன் இழுத்தடிக்கறேன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ!" என்று கத்தினாள்.

"நான் உங்ககூடப் பேசக் கூடாது. வக்கீல் வெச்சிருக்கிற எதிர்க் கட்சிக்காரரோட நேரா பேசறது எங்க தொழில்ல தப்பு. எதுவா இருந்தாலும் உங்க வக்கீல் மூலமா வாங்க." வக்கீலம்மா நகர்ந்தாள். இரண்டடி போனதும் அடக்க முடியாமல் திரும்பினாள். "அவர் கேன்டீன்ல காத்துக்கிட்டிருப்பார். டீ ஆறிடப் போகுது, போங்க!"

தூணோரம் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த மனிதர் இமைக்கவில்லை. அவர் எப்போதுமே அவ்வளவாக இமைப்பதில்லை. அதனால்தான் ஊரே அவரை ஆந்தை என்று கூப்பிட்டது. துப்பறிவது தொழில். மச்சான் அவருடைய மனைவியின் தம்பி. வீடு வீடாகப் போய்ச் சலவை இயந்திரம் விற்றுக்கொண்டிருந்தவன், அங்கே செலவாகாமல் மிஞ்சிய பேச்சோடு இவரிடம் வந்து சேர்ந்திருந்தான்.

"பார்த்தீங்களா சார்? என்ன திமிரு!" டாக்டர் பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தாள். "போன் பண்ணா எடுக்கறதில்லை. ஆபீஸுக்குப் போனா கதவைச் சாத்தறா. ஒவ்வொரு தடவையும் வாய்தா. இவ அவரோட சேர்ந்துக்கிட்டு என்னை வதைக்கறா."

"உங்களுக்கு இன்னைக்கு ஏன் முடியணும்? அதை இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார் ஆந்தை.

"திங்கட்கிழமை நான் வேற ஊர்ல பல் மருத்துவக் கல்லூரியில சேரணும். அதுக்கு மேல அவங்க காத்திருக்க மாட்டாங்க. கோர்ட் உத்தரவு இல்லாம பாப்பாவை இந்த ஊரை விட்டுக் கூட்டிட்டுப் போக முடியாது. அவளை விட்டுட்டு நான் போகவும் மாட்டேன். இன்னைக்கு வெள்ளிக்கிழமை. இன்னைக்கும் வாய்தா ஆனா எல்லாம் போச்சு."

"சரி. அந்தக் கவலை புரியுது. வளையத்தைப் பத்தின கவலைதான் புரியலை. பிரியப் போற மனுஷர். அவர் யாரோட நீந்தினா உங்களுக்கு என்ன?"

டாக்டர் அவரை முறைத்தாள். "எனக்கு வேண்டாம்னு நான் கழட்டிப்போட்ட சட்டைதான். அதை இன்னொருத்தி போட்டுக்கிட்டு என் முன்னாடியே நடந்தா எரியாதா சார்?"

"எரியும்" என்றான் மச்சான் உடனே. "எங்க அக்கா என் பழைய சட்டையை மாமாவுக்குக் கொடுத்தா. அவருக்கு என்னைவிட நல்லா இருந்தது. இன்னும் எரியுது."

அப்போது மாடிப்படியில் ஒரு குடை ஏறி வந்தது. குடைக்குப் பின்னால் டாக்டரின் வக்கீல் வந்தார். மடித்த குடையைக் கைத்தடிபோல ஊன்றி நடக்கிறவர். குரலில் அவ்வளவு இனிப்பு. மச்சான் முதல் நாளே அவருக்குக் கற்கண்டு என்று பெயர் வைத்துவிட்டான்.

"கேள்விப்பட்டேன், கேள்விப்பட்டேன். நீங்க போய் அந்தம்மாகிட்ட வாயைக் கொடுக்கலாமா டாக்டர்?" கற்கண்டு டாக்டரின் பக்கத்தில் உட்கார்ந்தார். "இன்னைக்கும் அவங்க வாய்தா கேக்கப் போறாங்கன்னு தகவல். நான் உள்ள போய் எவ்வளவு முடியுமோ சண்டை போடறேன். நீங்க வழக்கம்போல வெளியிலேயே இருங்க. உங்க முகத்துல இருக்கிற கோவத்தை ஜட்ஜ் பார்த்தா நமக்குத்தான் கெடுதல். நம்ம கேஸ் மதியத்துக்கு மேலதான். வாங்க, ஒரு டீ சாப்பிடலாம்."

டாக்டர் எழுந்தாள். போகிற போக்கில் ஆந்தையிடம் கிசுகிசுத்தாள். "இந்த மனுஷர் ஒருத்தர்தான் சார் எனக்கு ஆறுதல்."

இருவரும் கேன்டீன் பக்கம் போனார்கள். கேன்டீனின் ஜன்னல் தாழ்வாரத்திலிருந்தே தெரியும். கற்கண்டு டாக்டருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். ஜன்னலுக்கு நேரே வைத்துப் போட்டார். 

ஆந்தை அதைப் பார்த்தார். தாழ்வாரத்தின் மறுகோடியில் வக்கீலம்மாவும் அதைப் பார்த்தாள். அவள் கையிலிருந்த கட்டின் நாடா, இழுத்த இழுப்பில் இன்னும் கொஞ்சம் இறுகியது.

"மச்சான், வண்டியை எடு."

"எங்க மாமா?"

"நீச்சல் குளத்துக்கு."

"நான் டவல் கொண்டு வரலியே!"

*

குளம் இரண்டு தெரு தள்ளி இருந்தது. உயரமான கண்ணாடிக் கூரை, மூக்கைக் கிள்ளும் மருந்து வாசனை, எந்தச் சத்தமும் நான்கு தடவை திரும்பி வரும் கூடம். பலகையைப் பிடித்துக்கொண்டு கால் உதைத்த குழந்தைகளின் நடுவே விசிலோடு நடந்துகொண்டிருந்தார் பயிற்சியாளர்.

மச்சான் அவரை மேலும் கீழும் பார்த்தான். "மாமா, இந்த ஆளுக்கு வயிறு எங்க?"

"சும்மா இரு."

"இல்ல, நிஜமாத்தான் கேக்கறேன். எங்க அக்கா மட்டும் இவரைப் பார்த்தா உங்க கதி என்னாகும்?"

ஆந்தை தன் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு நடந்தார். 

"உங்க சம்சாரம் அனுப்பின ஆள் நான்" என்றார் எடுத்த எடுப்பில்.

பயிற்சியாளரின் முகம் சுருங்கியது. "எதுக்கு? இன்னும் என்ன வேணுமாம் அவளுக்கு? நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்து ரொம்ப நாளாச்சு."

ஆந்தை இமைக்கவில்லை. "எதுல?"

"விவாகரத்துக்கான சம்மத மனுவுலதான். பாப்பா அவகூடவே இருக்கட்டும், எந்த ஊருக்கு வேணும்னாலும் கூட்டிட்டுப் போகட்டும், பள்ளிக்கூட லீவுக்கு மட்டும் என்கிட்ட அனுப்பினா போதும்னு எழுதினேன். அதுக்குக்கூட அவ ஒத்துக்கலையாமே."

"யார் சொன்னது?"

"என் வக்கீல். அவங்களுக்கு அந்தப் பக்கத்து வக்கீல் சொன்னாராம்."

"நேரா உங்க சம்சாரத்துக்கிட்டயே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"கேஸ் நடக்கறப்ப ரெண்டு பேரும் பேசிக்கக் கூடாதுன்னு ரெண்டு வக்கீலும் சொல்லிட்டாங்க. அப்புறம்…" விசிலை உள்ளங்கையில் நசுக்கினார். "கேட்டுத்தான் என்ன ஆகப் போகுது? அவ அந்த ஆளோட கேன்டீன்ல உக்காந்து டீ குடிக்கறா. என்கூட இருந்த வரைக்கும் டீ வாசனையே ஆகாதும்பா. இப்ப மட்டும் எப்படி ஆகுதாம்?"

"அதை யார் உங்களுக்குச் சொன்னா?"

"வக்கீலம்மாதான். ஜன்னல் வழியா பார்த்தாங்களாம். என்ன சிரிப்பு, என்ன குழைவுன்னு ஒண்ணு விடாம சொன்னாங்க. சொல்றப்ப என்னைவிட அவங்களுக்குத்தான் ஆத்திரம் தாங்கலை."

இந்த இடத்தில் ஆந்தை இமைத்தார். மச்சான் அதைக் கவனித்துவிட்டான். மாமா கண்ணை மூடித் திறந்தால் உள்ளே ஏதோ பூட்டு திறந்திருக்கிறது என்று அவனுக்குத் தெரியும்.

"உங்க வக்கீலம்மா இங்க நீந்த வர்றாங்களா?"

"வருவாங்கன்னு கேள்வி. காலையில பெண்களுக்கான நேரம். சொல்லிக் கொடுக்கறது ஒரு பொண்ணு. அந்த நேரத்துல எந்த ஆம்பளையும் வாசலைத் தாண்ட முடியாது, நான் உள்பட. நான் வேலைக்கு வர்றதே அதுக்கப்புறம்தான்." பயிற்சியாளர் நிமிர்ந்து பார்த்தார். "ஏன்? என் பொண்டாட்டி ஏதாவது சந்தேகப்பட்டாளா?"

"கொஞ்சம்."

"நிஜமாவா?" அந்த முகத்தில் ஒரு நொடி ஏதோ பளிச்சிட்டது. உடனே அதை மறைத்துக்கொண்டார். "படட்டும். நானும்தானே எரியறேன்."

அடுத்த நொடி தொப்பென்று ஒரு சத்தம். குளத்தின் ஈர ஓரத்தில், தன் வயிற்றையும் எப்படி இல்லாமல் ஆக்குவது என்று மூச்சை இழுத்து நின்று பார்த்த மச்சான், கால் வழுக்கித் தண்ணீருக்குள் போயிருந்தான். பயிற்சியாளர் குனிந்து, ஒரே கையால் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கி வெளியே வைத்தார். 

"இதுக்குமேல எனக்கு இந்த ஆளைப் பிடிக்கவே பிடிக்காது மாமா" என்றான் மச்சான், மூக்கால் தண்ணீர் விட்டபடி.

"நீங்க உடனே எங்ககூடக் கோர்ட்டுக்கு வரணும்" என்றார் ஆந்தை பயிற்சியாளரிடம். "பாப்பாவுக்காக."

அந்தக் கடைசி வார்த்தைக்காக அவர் விசிலைக் கழற்றி இன்னொரு பயிற்சியாளரிடம் கொடுத்தார்.

*

பயிற்சியாளரின் மோட்டார் சைக்கிள் முன்னால் போயிற்று. பின்னால் வந்த காரில், அவர் கொடுத்த இறுக்கமான பனியனுக்குள் மச்சான் நடுங்கிக்கொண்டிருந்தான்.

"மாமா, எனக்கு ஒண்ணும் புரியலை. டாக்டர் அம்மா முடிக்கணும்கறாங்க. இவரும் கையெழுத்துப் போட்டுட்டேங்கறார். அப்ப வக்கீலம்மாதான் பொய் சொல்றாங்க."

"வாய்தா வாங்கணும்னு நினைக்கிற வக்கீல் கையில என்ன இருக்கும்?"

"சோகமா ஒரு மூஞ்சி இருக்கும்."

"அது கழுத்துக்கு மேல. கையில?"

மச்சான் யோசித்தான்.

"ஒண்ணும் இருக்காதுடா. வாதாடப் போறதில்லை, அவ்வளவு கனத்தை எதுக்குத் தூக்கணும்? ஒரு ஜூனியரை அனுப்பித் தேதி வாங்கிட்டு வரச் சொல்லுவாங்க. காலையில அந்தம்மா கையில என்ன பார்த்தே?"

"கட்டு. பெரிய கட்டு. பக்கத்துக்குப் பக்கம் சீட்டு வெச்சு…" மச்சானின் குரல் மெதுவாகியது. "பரீட்சைக்குப் போற பொண்ணு மாதிரி."

"நம்ம கற்கண்டு கையில?"

மச்சான் வாயைத் திறந்தான். கொஞ்ச நேரம் அது திறந்தே இருந்தது.

"குடை" என்றான்.

*

நீதிமன்ற அறைக்கு வெளியே பெஞ்சில் டாக்டர் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஆந்தை பக்கத்தில் குனிந்தார்.

"டாக்டர், இதுவரைக்கும் ஒரு தடவையாவது நீங்க உள்ள போயிருக்கீங்களா?"

"இல்லையே. அவர் வெளியில வந்து சொல்லுவார்."

"எதிர்த் தரப்பு வாய்தா கேட்டதை உங்க காதால கேட்டதில்லை?"

"அவர் சொன்னா போதாதா? நீங்க என்ன சொல்ல வர்றீங்க?"

"நான் சொல்லலை. நீங்களே கேளுங்க. கடைசி பெஞ்சுல உக்காருங்க. உங்களுக்கு முன்னால இவன் உக்காருவான். அகலமா இருக்கான், மறைப்பான்."

"இப்பதான் என் உடம்புக்கு ஒரு மரியாதை கிடைச்சிருக்கு" என்றான் மச்சான்.

வழக்கு எண்ணைக் கூப்பிட்டார்கள். வக்கீலம்மா கட்டைப் பிரித்து மேசைமேல் வைத்தாள். கற்கண்டு குடையை நாற்காலியில் சாய்த்துவிட்டு எழுந்தார். நீதிபதி அம்மாள் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தாள்.

"சொல்லுங்க."

"மன்னிக்கணும். என் கட்சிக்காரருக்குக் கடுமையான காய்ச்சல். படுத்த படுக்கையா இருக்காங்க. தயவுசெஞ்சு இன்னொரு தேதி…"

கடைசி பெஞ்சில் டாக்டரின் மூச்சு நின்றது. மச்சானுக்குத் தன் முதுகுக்குப் பின்னால் அது நின்றது கேட்டது.

"போன தடவை மஞ்சள் காமாலை" என்றாள் நீதிபதி. "அதுக்கு முந்தின தடவை கால் எலும்பு முறிஞ்சிடுச்சு. உங்க கட்சிக்காரர் டாக்டர்தானே? நோயாளி மாதிரி இல்ல இருக்கு!"

வக்கீலம்மா எழுந்தாள். "நாங்க ஒவ்வொரு தடவையும் தயாராத்தான் வர்றோம். சம்மத மனுவை எப்பவோ எதிர்த் தரப்பு வக்கீல்கிட்ட கொடுத்தாச்சு. அந்தம்மாவுக்கு விருப்பமில்லைன்னு பதில் வருது. வழக்கு முடிஞ்சுட்டா அவங்களுக்கு வேற சந்தோஷம் எல்லாம் நின்னு போயிடும்போல."

கடைசி வாக்கியம் சட்டப் புத்தகத்திலிருந்து வரவில்லை. அதைக் கேட்ட கற்கண்டின் உதட்டோரம் லேசாக மலர்ந்ததை ஆந்தை மட்டும் பார்த்தார்.

டாக்டர் எழுந்து நின்றாள். மச்சானின் தோளைப் பிடித்து ஒதுக்கித் தள்ளினாள்.

"நான் கொஞ்சம் பேசலாமா?"

"நீங்க யாரு?" என்றாள் நீதிபதி.

"காய்ச்சல் வந்தவங்க."

அறையில் சிரிப்பு வெடித்தது. கற்கண்டு திரும்பிப் பார்த்தார். கரைந்துபோனார்.

"எனக்குக் காமாலையும் வந்ததில்லை, காலும் முறிஞ்சதில்லை" என்றாள் டாக்டர். "இப்படி ஒரு மனு இருக்கறதே எனக்குத் தெரியாது. அவர் பாப்பாவை முழுசா தன்கிட்டயே கேக்கறார்னு சொன்னாங்க. என்கிட்ட யாரும் எதையும் காட்டலை. திங்கட்கிழமை எனக்கு வேலை. என் பொண்ணை நான் கூட்டிட்டுப் போகணும். அவ்வளவுதான் எனக்கு வேணும்."

"கணவர் வந்திருக்காரா?"

"வந்திருக்கேன்" என்று கதவருகிலிருந்து குரல் வந்தது.

நீதிபதி இருவரையும் முன்னால் கூப்பிட்டாள். மனுவை டாக்டரிடம் நீட்டச் சொன்னாள். டாக்டர் படித்தாள். லீவு நாள்களைப் பற்றிய இடத்தில் நிறுத்தினாள்.

"இவ்வளவுதானா கேட்டே?" என்றாள் கணவரிடம்.

"இவ்வளவுதான்."

"என்கிட்டயே கேட்டிருக்கலாமே."

"உனக்குத்தான் டீ குடிக்கவே நேரம் சரியா இருந்ததே."

"உனக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்கவே நேரம் சரியா இருந்தது!"

"இங்க இல்லை" என்றாள் நீதிபதி. "அந்தச் சண்டைக்கெல்லாம் இந்த அறையில இன்னைக்கு இடமில்லை. சம்மதமா, இல்லையா?"

டாக்டர் கையெழுத்துப் போட்டாள். நீதிபதி ஒவ்வொரு வரியாக இருவரிடமும் கேட்டு உறுதி செய்துகொண்டு உத்தரவைச் சொன்னாள். பாப்பா அம்மாவோடு போகலாம். லீவுக்கு அப்பாவிடம் வர வேண்டும். அதன்பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கற்கண்டைப் பார்த்தாள். "நீங்க சாயந்திரம் என் அறைக்கு வாங்க. காய்ச்சல்னு மட்டும் சொல்லி அனுப்பாதீங்க."

*

தாழ்வாரத்தில் டாக்டர் கற்கண்டின் வழியை மறித்து நின்றாள்.

"ஏன்?"

கற்கண்டு குடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

"உங்களை நம்பித்தானே அந்தம்மாவை அடிக்கவே போனேன்! என் பொண்ணு பெட்டியைக் கட்டி வெச்சுட்டு தினமும் எப்ப போறோம்னு கேப்பா. என்ன சொல்றதுன்னு தெரியாம நிப்பேன். நீங்க எனக்கு டீ வாங்கிக் கொடுத்துக்கிட்டே என் கழுத்தை அறுத்திருக்கீங்க. ஏன்?"

மச்சான் ஆந்தையின் காதருகே வந்தான். "இதுக்குத் துப்பறியவே வேண்டாம் மாமா. மனுஷர் டாக்டர் மேல ஆசைப்பட்டுட்டார். கேஸ் முடிஞ்சா டாக்டர் ஊருக்குப் போயிடுவாங்க. அதான் இழுத்தார்."

கிசுகிசுப்பு என்று அவன் நினைத்தது டாக்டரின் காதிலும் விழுந்தது. அவள் முகம் சிவந்தது. "அப்படியா சார்? என் மேலயா?"

"இல்லை டாக்டர்" என்றார் ஆந்தை. "இவன் பாதி வழியில இறங்கிட்டான். உங்களை ஏன் எப்பவும் ஜன்னலுக்கு நேரா உக்கார வெச்சார்? ஆசைப்பட்டவன் மூலையில இருக்கிற மேசையைத் தேடுவான். இவர் வெளியில இருந்து யாரோ பார்க்கணும்னு உங்களை உக்கார வெச்சார். இப்பவும் அவர் கண்ணைப் பாருங்க. உங்களையா பார்க்கறார்?"

கற்கண்டின் கண்கள் டாக்டரைத் தாண்டிப் போயிருந்தன. தாழ்வாரத்தின் கோடியில், படிக்கட்டருகே, வக்கீலம்மா பயிற்சியாளரோடு கைகுலுக்கிக்கொண்டிருந்தாள். அவர் ஏதோ சொன்னார். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு இங்கே வந்து சேர்ந்தபோது கற்கண்டின் தாடை இறுகியது.

"அந்த ஆளோட விவாகரத்து நடந்துடக் கூடாதுன்னு இவருக்கு ஒரு பயம்" என்றார் ஆந்தை. "கோச் கல்யாணமானவராவே இருக்கற வரைக்கும் இவருக்கு நிம்மதி. அவரை அவிழ்த்துவிட்டுட்டா அடுத்து யார்கிட்ட போவாரோன்னு ராத்தூக்கம் கிடையாது. உங்க காய்ச்சல், காமாலை எல்லாம் அதுக்குத்தான். ஏன்னுதான் எனக்கும் தெரியணும். நீங்களே சொல்லிடுங்க சார்."

"ரெண்டு பேரும் ஒரே குளம்" என்றார் கற்கண்டு. குரலில் சர்க்கரையே இல்லை. "தண்ணியைக் கண்டாலே பயப்படறவ. இப்ப தினம் காலையில குளத்துக்குப் போறா. யாருக்காகப் போறா?"

"பெண்கள் நேரத்துல போறாங்க. கோச் அப்ப அங்க இருக்கறதே இல்லை" என்றார் ஆந்தை. "விசாரிச்சுட்டுத்தான் வரேன்."

கற்கண்டு மெதுவாக அவர் பக்கம் திரும்பினார். முகத்தில் ரத்தம் வற்றியிருந்தது. "அங்க இருக்கறதே… இல்லையா?"

"இல்லை."

"அந்தம்மா யாரோட நீந்தினா உங்களுக்கு என்னய்யா?" டாக்டர் பொறுமை இழந்து கத்தினாள். "எதுக்காக என் பொண்ணோட வாழ்க்கையில விளையாடினீங்க? யாரு அவங்க உங்களுக்கு?"

கற்கண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். கோடியில் அந்தக் கறுப்பு அங்கி படியிறங்கி மறைகிறவரை பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இந்தக் கட்டடத்துல யாருக்கும் தெரியாது" என்றார். "ஒரே வழக்குல எதிரெதிரா நிக்கக் கூடாதுங்கறதும் ரெண்டு பேருக்கும் தெரியும். யார் முதல்ல விலகறதுன்னு ஒரு வீம்பு. அவ வீட்டை விட்டுப் போனாலும், தினமும் இங்க வந்தா பார்க்கவாவது முடியுமேன்னுதான் நான் விலகலை." 

அவர் நிமிர்ந்தார்.

"அவ என் பொண்டாட்டி, டாக்டர்."